பெயரற்ற தாய்மொழி: நெய்யாற்றின்கரை எல்லைப்புறப் பேச்சைக் குறித்து

உலகத் தாய்மொழி நாளை ஒட்டி ஆண்டுதோறும் பிப்ரவரி 21 அன்று எழுதப்படும் கட்டுரைகள் பலவும் ஒரே எடுகோளிலிருந்து தொடங்குகின்றன. காக்கப்பட வேண்டிய மொழிக்கு ஒரு பெயர் இருக்கும். பெயருக்கு ஓர் எழுத்து இருக்கும். எழுத்துக்கு உரிய நிலம் ஒன்று இருக்கும். இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாத ஊர்களில் தாய்மொழிப் பாதுகாப்பு என்பதற்கு என்ன பொருள் என்று அக்கட்டுரைகள் கேட்பதில்லை. கேரளத்தின் தென்கோடியில், பாறசாலையிலிருந்து பெருங்கடவிளை வழியாக வெள்ளறடை, அம்பூரி வரை நீளும் எல்லையோரச் சிற்றூர்கள் அத்தகையவை.

முதலில் ஊர்ப்பெயர்களைக் காணலாம். மேட்டுப்பாங்கான தோட்ட நிலத்தைக் குறிக்கும் 'விளை' என்னும் சொல் எல்லைக்கு மேற்கே பெருங்கடவிளை, அமரவிளை என நிற்கிறது. கிழக்கே களியக்காவிளை, ஞாறாம்விளை எனத் தொடர்கிறது. அமரவிளையில் கேரளத்தின் சோதனைச்சாவடி. களியக்காவிளையில் தமிழ்நாட்டின் முதல் பேருந்து நிலையம். நடுவே ஓடும் கோடு 1956 நவம்பர் 1ஆம் நாள் வரையப்பட்டது. 'விளை' அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

இவ்வூர்களின் பேச்சை மொழியியல் மாணவர் ஒருவர் பதிவுசெய்ய அமர்ந்தால், முதல் அரைமணி நேரத்திலேயே பாடநூல் வகைப்பாடு தடுமாறத் தொடங்கும். தமிழையும் மலையாளத்தையும் பிரிக்கும் ஒலிக்கூறுகளாக வகுப்பறையில் கற்பிக்கப்படுவன சில உண்டு. தேங்காய் 'தேங்ஙா' ஆவது, ஐகார ஈறு அகரமாவது, வினைமுற்றில் திணை, பால், எண், இட விகுதிகள் மறைவது ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. எல்லையோரப் பேச்சில் இவை ஒரே இடத்தில் ஒன்றாக நிகழ்வதில்லை. 'தேங்ஙா', 'மாங்ஙா', 'அங்ஙன', 'எங்ஙன' என்பவை விளவங்கோட்டுத் தமிழிலும் இயல்பாக வழங்குகின்றன. அதே வாயில் வினைமுற்று தன் 'ஆன்', 'ஆள்' விகுதிகளை விடாமல் வைத்திருக்கிறது. ஒலியை வைத்து முடிவு செய்தால் மலையாளம் என்றும், வினையை வைத்து முடிவு செய்தால் தமிழ் என்றும் எழுத வேண்டியிருக்கும். வேறு பல மொழி எல்லைகளில் வழக்குத் தொடர்ச்சி என்று பெயரிட்டு மதிப்போடு ஆராயப்படும் இந்நிலை, நெய்யாற்றின்கரைக்கு வந்ததும் 'கலப்பு' என்று பெயர் மாறிவிடுகிறது.

'கலப்பு' என்னும் தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்பதைச் சில சொற்களே காட்டிவிடும். 'பறைதல்' என்றால் பேசுதல். இங்குள்ளோர் அதைச் சொன்னால் மலையாளத் தாக்கம் என்று நாகர்கோவிலுக்கு வடக்கேயுள்ள தமிழாசிரியர் திருத்துவார். அதே சொல் தமிழ் அகராதியில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மூத்தோர் வாயில் இன்றும் வழங்குகிறது. தேங்காய் ஓட்டைக் குறிக்கும் 'சிரட்டை' யாழ்ப்பாணத்துக்கும் திருவிதாங்கூருக்கும் பொது. ஆடவர் உடுத்தும் 'சாரம்' நாகர்கோவிலுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பொது. கடல் கடந்த தீவில் பழந்தமிழின் எச்சமாகப் போற்றப்படுவது, அமரவிளைக்கு மேற்கே மட்டும் எவ்வாறு பிறமொழிக் கறை ஆகிறது? சொல்லின் வரலாறு இத்தீர்ப்பை வழங்கவில்லை. பேசுபவர் எந்த மாநிலத்தில் நிற்கிறார் என்பதே வழங்கியது.

மறுபக்கமும் இப்பேச்சைப் பெருமையோடு ஏற்கவில்லை. மலையாளத் திரைப்படத்தில் திருவனந்தபுரத்துத் தெற்கன் பேச்சுக்கு நெடுங்காலமாக ஒதுக்கப்பட்ட இடம் நகைச்சுவை. 2005இல் வெளிவந்த 'ராஜமாணிக்யம்' அப்பேச்சை நாயகனின் வாயிலேயே வைத்தது. ஆயினும் அரங்கின் சிரிப்பு அந்த உச்சரிப்பையும் நம்பியே இருந்தது. ஆக, ஒரு மாநிலத்தின் செவிக்கு இது கெட்டுப்போன தமிழ், மற்றதன் செவிக்குச் சிரிப்பூட்டும் மலையாளம். தன் பாட்டியின் பேச்சை இரண்டு மொழிகளின் பள்ளிக்கூடங்களும் திருத்தவே விரும்புகின்றன என்று அறியும் குழந்தை, அப்பேச்சை வீட்டுக்குள் விட்டுவிட்டு வெளியே செல்லக் கற்றுக்கொள்கிறது. அடுத்த தலைமுறையில் வீட்டுக்குள்ளும் அது தேவைப்படுவதில்லை. மொழிப்பெயர்ச்சியை மீட்பது குறித்து 1991இல் நூல் எழுதிய ஜோஷுவா ஃபிஷ்மன், வீட்டில் தாயிடமிருந்து சேய்க்குச் செல்லும் கண்ணி அறுந்தால் பள்ளியோ வானொலியோ அதை ஈடுசெய்யாது என்று வாதிட்டார். இங்கே அக்கண்ணியை அறுப்பது தடைச்சட்டம் எதுவுமன்று, ஏளனமே.

எல்லை எவ்வாறு வரையப்பட்டது என்பது தமிழ் வாசகர்கள் அறிந்த வரலாறு. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசும் மார்ஷல் நேசமணியும் நடத்திய போராட்டம், 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச்சூடு, அடுத்த ஆண்டு வெளியான மாநில மறுசீரமைப்பு ஆணைய அறிக்கை ஆகியவற்றின் முடிவில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் இணைந்தன. கோரப்பட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இந்த வரலாற்றை இழந்த நிலத்தின் கதையாக மட்டும் சொல்லும் வழக்கம் தமிழ்ப் பொதுவெளியில் வேரூன்றிவிட்டது. நெய்யாற்றின்கரை கிடைத்திருந்தால் அங்குள்ள தாய்மொழி பிழைத்திருக்கும் என்பது அக்கதையின் உட்பொருள். விளவங்கோடு கிடைத்தது, அங்கே என்ன நடந்தது என்று பார்த்தால் அந்த உட்பொருள் நிற்காது.

தமிழ்நாடு 2006இல் தமிழ் கற்றல் சட்டத்தை இயற்றியது. முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறிய அக்கட்டாயம் 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியபோது, மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் விலக்குக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றன. குமரி மாவட்டத்தின் மேற்கு வட்டங்களில் மலையாளம் படிக்கும் குழந்தைகளையும் அக்கேள்வி தொட்டது. கேரளம் 2017இல் மலையாள மொழி கற்றல் சட்டத்தை இயற்றிப் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. காசர்கோட்டுக் கன்னடர் தெருவுக்கு வந்தனர். இரு சட்டங்களுக்கும் பின்னால் ஒலிப்பது ஒரே கவலைதான்: ஆங்கிலத்தின் முன் எம் மொழி தேய்கிறது. அக்கவலை நேர்மையானது. ஆனால் ஆங்கிலத்துக்கு எதிராக எழுப்பப்படும் சுவர், அண்டை வீட்டு மொழியின் மீதே முதலில் விழுகிறது. தமிழ்நாட்டின் சட்டத்தைப் பாராட்டி, கேரளத்தின் சட்டத்தைக் கண்டிக்கும் ஒருவர் தாய்மொழி உரிமையைப் பற்றிப் பேசவில்லை. பெரும்பான்மையின் உரிமையைத் தம் மொழிக்கு மட்டும் கேட்கிறார்.

பிப்ரவரி 21 என்னும் நாளின் கதையிலேயே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1952இல் டாக்காவில் வங்கமொழிக்காக மாணவர்கள் உயிர்நீத்ததன் நினைவாகவே யுனெஸ்கோ 1999இல் அந்நாளை அறிவித்தது. விடுதலை பெற்ற வங்கதேசம் 1972இல் தன் அரசியலமைப்பை எழுதியபோது, குடிமக்கள் யாவரும் வங்காளியர் என்னும் வரையறையைச் சிட்டகாங் மலைப்பகுதியின் உறுப்பினர் மானபேந்திர நாராயண் லார்மா அவையில் எதிர்த்து நின்றார். சக்மா ஒருவர் எவ்வாறு வங்காளியாவார் என்பது அவர் எழுப்பிய வினா. வென்ற மொழிப் போராட்டம் தன்னினும் சிறிய மொழியைக் காணத் தவறுவது புதிதன்று.

சட்டத்தில் வழி இல்லை என்றும் கூறிவிட முடியாது. மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்ட அதே 1956இல், ஏழாம் திருத்தம் அரசியலமைப்பில் 350அ பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்குவதற்குப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்பது அதன் கூற்று. இதற்கான அளவுகோல் அதற்கும் முன்பே, 1949ஆம் ஆண்டின் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் வகுக்கப்பட்டது: வகுப்பில் 10 பேர் அல்லது பள்ளியில் 40 பேர் இருந்தால் தாய்மொழி ஆசிரியர் ஒருவர். நகரத்துக்கு இது பொருந்தும். வீடுகள் விளைகளுக்கிடையே சிதறிக் கிடக்கும் ஊர்களில், ஒரு பள்ளிக்கு மூவர், மற்றொன்றுக்கு நால்வர் என்று பிரிந்தால் பத்து ஒருபோதும் சேராது. விதி மீறப்படாமலேயே உரிமை இல்லாமற் போகும் அரிய ஏற்பாடு இது! அந்தப் பத்தை வகுப்புக்குக் கணக்கிடாமல் பெருங்கடவிளை பிளாக் பஞ்சாயத்து போன்ற ஓர் அலகுக்குக் கணக்கிட்டு, பள்ளிகளுக்கிடையே சுற்றிவரும் ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, வாரத்துக்கு மூன்று மணி நேரம் மலையாளத்தோடு கூடுதலாகத் தமிழ் எழுத்தைக் கற்பித்தால் என்ன குறைந்துவிடும்? இதே ஏற்பாட்டை விளவங்கோட்டில் மலையாளத்துக்குச் செய்யத் தமிழ்நாடு முன்வருமாயின், கேரளத்திடம் கேட்பதற்கு அதற்கு ஒரு தகுதியும் கிடைக்கும்.

எழுத்து ஏன் வேண்டும் என்பதற்குத் தோப்பில் முகமது மீரான் நல்ல சான்று. விளவங்கோடு வட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து மலையாள வழியில் படித்த அவர், தமிழில் எழுதிய 'சாய்வு நாற்காலி'க்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். குமாரசெல்வா விளவங்கோட்டு வட்டார வழக்கிலேயே எழுதுகிறார். இவர்களின் உரையாடல்களை வாய்விட்டுப் படித்தால் பாறசாலைச் சந்தையில் நிற்பவருக்கு அகராதி தேவையில்லை. சென்னை வாசகருக்குத்தான் தேவை. ஆனால் தமிழ் எழுத்தறியாத பாறசாலைக்காரர், பக்கத்து ஊர்க் கதையைத் தம் பேச்சிலேயே எழுதப்பட்டிருந்தும் மொழிபெயர்ப்பில்தான் படிக்க இயலும். அந்த மொழிபெயர்ப்பும் அவருடைய பேச்சைப் பொது மலையாளமாக்கியே கொடுக்கும்.

இதே நிலை பழம்பாடல்களுக்கும் நேர்ந்தது. வில்லுப்பாட்டாக வழங்கிய இரவிக்குட்டிப் பிள்ளைப் போர், உலகுடையபெருமாள் கதை, பஞ்சவன்காட்டு நீலி முதலியவை மலையாள இலக்கிய வரலாற்றில் 'தெற்கன் பாட்டுகள்' என்னும் தலைப்பின்கீழ் வருகின்றன. அவற்றின் மொழி 'மலையாம் தமிழ்' எனச் சுட்டப்படுகிறது. தமிழ் நாட்டாரியல் நூல்களில் அவையே தமிழ்க் கதைப்பாடல்கள். ஏடுகள் இரண்டு மாநிலத்துத் தொகுப்புகளிலும் சேர்ந்து, இரண்டு வகையான எழுத்தில் அச்சேறி, இரண்டு துறைகளில் முனைவர் பட்டப் பொருளாகி இருக்கின்றன. ஒருபக்கத்து ஆய்வேட்டை மறுபக்கத்து ஆய்வாளர் மேற்கோள் காட்டுவது அரிது. ஒரே பாட்டு இரு மொழிகளின் சொத்தாக இருப்பதில் முரண் எதுவும் இல்லை. முரண், பாட்டைப் பங்கிடத் துடிக்கும் துறைகளின் நூலடைவில்தான் இருக்கிறது. வ. அய். சுப்பிரமணியம் 1977இல் திருவனந்தபுரத்தில் திராவிட மொழியியல் பன்னாட்டுப் பள்ளியை நிறுவினார். அவருடைய வழிகாட்டுதலில் கேரளப் பல்கலைக்கழகம் 1974இல் மலையாளக் கிளைமொழி ஆய்வொன்றையும் வெளியிட்டிருந்தது. நாகர்கோவிலின் வடசேரியில் பிறந்து திருவனந்தபுரத்தில் தமிழ் கற்பித்த அவர் இரண்டு பக்கங்களையும் ஒரே புலமாகக் கண்டவர். அவ்வழியைப் பின்பற்றி விளவங்கோட்டையும் நெய்யாற்றின்கரையையும் சேர்த்து ஒரே வினாநிரலில் ஆராய்வது இன்றைய மாணவர்களுக்கு எட்டாத வேலையன்று. கிரியர்சனின் மொழிக் கணக்கெடுப்பு சென்னை மாகாணத்தையும் திருவிதாங்கூரையும் தொடவேயில்லை என்பதால், நூறாண்டுக்கு முந்தைய ஒப்பீட்டுத் தரவு இங்கில்லை. முதியோரின் நினைவே இருக்கும் ஆவணம்.

பன்மொழிச் சூழல் என்றாலே ஒரு மொழி மற்றதை விழுங்கிவிடும் என்பது விதியன்று. மராட்டிய, கன்னட எல்லையிலுள்ள குப்வார் என்னும் சிற்றூரைப் பற்றி கம்பர்ஸும் வில்சனும் 1971இல் வெளியிட்ட ஆய்வு மொழியியல் மாணவர் யாவரும் படிப்பது. கன்னடம், மராத்தி, உருது மூன்றும் அங்கே தொடரமைப்பில் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. ஆயினும் வீடுகளில் மூன்றும் தனித்தனியே நிலைத்திருந்தன. வீட்டு மொழிக்கும் சந்தை மொழிக்கும் இடையே மதிப்பான ஒரு பிரிவு அங்கே பேணப்பட்டது. நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே இதற்கு நிகரான ஒன்றைப் பாலராமபுரத்தில் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராமவர்மா மன்னர் காலத்தில் குடியேற்றப்பட்ட சாலியர் நெசவாளர் குடும்பங்கள், குழித்தறியோடு தமிழையும் இருநூறாண்டுகள் கொண்டுவந்தன. தறியும் பாவும் இரண்டு மொழிக்கும் பொதுச் சொற்கள். வாங்க வருவோர் மலையாளம் பேசுவோர். தெருவின் பேச்சு தமிழ். தொழிலும் தெருவும் சேர்ந்திருந்த வரை மொழியும் இருந்தது. கைத்தறி நலிந்து இளையோர் வேறு பணிகளுக்குச் செல்லும்போது தெரு தளர்கிறது. அங்கே மொழிப் பாதுகாப்பு என்பது ஓரளவு நெசவுக் கூலியைப் பற்றிய பேச்சும் ஆகும்.

மலைப்பக்கம் ஏறினால் நிலைமை இன்னும் கூர்மையாகிறது. அம்பூரி எல்லைக்குள்ளும் நெய்யாறு நீர்த்தேக்கத்தின் அக்கரையிலும் காணிக்காரர் குடியிருப்புகள் உண்டு. அகத்தியமலையின் மறுசரிவில், பாபநாசத்தில் அவர்களுடைய உறவினர் உள்ளனர். 'மலம்பாஷை' என வழங்கும் அவர்களின் பேச்சு மேற்குச் சரிவில் மலையாளப் பள்ளியையும் கிழக்குச் சரிவில் தமிழ்ப் பள்ளியையும் சந்திக்கிறது. கொக்கரை உரசிப் பாடும் சாற்றுப்பாட்டை இரு சரிவினரும் கொண்டிருக்கலாம். அவர்களின் பேரக்குழந்தைகள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுத இயலாது. தமிழர் இழந்த நிலத்தைப் பற்றிய கட்டுரைகளில் காணிக்காரர் பெயர் வருவதில்லை. மலையாளிகளின் மொழிப்பற்றிலும் அவர்களுக்கு இடமில்லை.

காணிக்காரரைப் பற்றிப் பேசும்போது ஆய்வுலகம் உடனே எடுத்துக்காட்டுவது ஆரோக்கியப்பச்சையை. 1987இல் காணி வழிகாட்டிகள் காட்டித் தந்த அச்செடியிலிருந்து பாலோட்டுத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியதும், வருவாயில் பாதி அம்மக்களுக்கு என்று உடன்பாடு செய்ததும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் செய்தி. மொழி அழிந்தால் மருந்தறிவும் அழியும். ஆகவே மொழியைக் காக்க வேண்டும் என்று அதிலிருந்து முடிவுகட்டுவர். நல்ல நோக்கமுடைய வாதம்தான். ஆனால் ஆபத்தானது. செடியின் பயன் ஆய்வகத்துக்குச் சென்ற மறுநாள், அந்த வாதத்தின்படி மொழிக்கு வேலையில்லை. மருந்து எதையும் அறியாத காணிப் பெண் ஒருவர் தம் குழந்தையை அதட்டும் மொழிக்கு என்ன மதிப்பு என்று கேட்டால் இவ்வாதத்திடம் விடை இருக்காது. தமிழைக் காக்க எவரும் சித்த மருத்துவத்தைக் காரணம் காட்டத் தேவையில்லை. ஏழு கோடிப் பேரின் மொழிக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை ஏன் சிறு மொழிக்கு மட்டும் மறுக்கப்படுகிறது?

கடைசியாக, கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழியாகச் சொன்ன பெயர்கள் 19,569. அவை சீர்செய்யப்பட்டு 1,369 தாய்மொழிகளாயின. 1,474 பெயர்கள் வகைப்படுத்த இயலாதவையாக ஒதுக்கப்பட்டன. 10,000 பேருக்கு மேல் பேசுவோர் உள்ளவை 121 மொழிகளாகத் தொகுக்கப்பட்டன. எருகுலா தமிழுக்குள் அடங்கியது. எரவா மலையாளத்துக்குள் அடங்கியது. எல்லையோரப் பேச்சுக்கு இப்பட்டியலில் அடங்குவதற்குக்கூடத் தனிப்பெயர் இல்லை. கேரளத்தில் தமிழ் என்று பதிந்தோர் 2001இல் ஏறத்தாழ 6 இலட்சமாக இருந்து 2011இல் ஏறத்தாழ 5 இலட்சமாகக் குறைந்தனர். இடுக்கித் தோட்டங்களிலிருந்து வெளியேறியோர் இதில் எத்தனை பேர், நெய்யாற்றின்கரையில் மலையாளம் என்று பதிவை மாற்றிக்கொண்டோர் எத்தனை பேர் என்பதை அந்த எண் சொல்லாது. மலையாளம் என்று பதிவது பொய்யும் அன்று. படித்ததும் எழுதுவதும் மலையாளமாக இருக்கும் ஒருவர் தம்மை மலையாளி என்பதற்கு முழு உரிமை உடையவர். அவரைத் தமிழர் என்று திருத்தப் புறப்படுவது மற்றொரு வகை ஏளனம்.

இருப்பினும் கணக்கெடுப்பு வினவுவது வேறொன்று. அதன் வரையறைப்படி தாய்மொழி என்பது குழந்தைப்பருவத்தில் தாய் ஒருவரிடம் பேசிய மொழி. பள்ளியில் படித்த மொழியன்று. அதையடுத்து, அறிந்த பிற மொழிகள் இரண்டைக் கேட்கும் கட்டமும் உண்டு. விளவங்கோட்டிலிருந்து பெருங்கடவிளைக்கு மணமாகி வந்த பெண்ணின் மகன், தாய்மொழிக்கு எதைச் சொன்னாலும், அடுத்த கட்டத்தில் மற்றதைச் சொல்ல இயலும். அக்கட்டத்தை வட்டவாரியாக எடுத்து ஆராய்ந்தால், எல்லையின் இருபக்கத்திலும் எத்தனை வீடுகள் இரண்டு மொழிகளில் வாழ்கின்றன என்பது முதல்முறையாகப் புலப்படும். அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. வீட்டுத் தலைவர் ஒருவரே எல்லோருக்குமாக விடை சொல்லிக் கணக்கெடுப்பாளரை அனுப்பிவிடும் வழக்கம் இருப்பதால், அந்த இரண்டாம் கட்டம் வெற்றாக விடப்படாமல் இருக்க அதற்குள் பாறசாலையிலும் களியக்காவிளையிலும் எவரேனும் வீடு வீடாகச் சென்று பேசியாக வேண்டும்.